மாத்திரையா, பையா, சிலிண்டரா? நெல்லும் உளுந்தும் வைத்திருப்பவர் கேட்ட கேள்வி

சித்திரை கடைசியில் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். அங்கே ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கணக்குவழக்கைப் பார்த்துக்கொள்கிறவர். குடோனில் 40 டன் நெல்லை மூட்டை மூட்டையாக அடுக்கி அட்டி போட்டிருக்கிறார்கள். நெல் அறுத்த தரிசில் எடுத்த உளுந்து 6 டன் வந்து இறங்கியிருக்கிறது. போதாததற்கு, ரசாயனம் படாதது என்று சொல்லி விற்பதற்காக வாங்கிய மாப்பிள்ளைச் சம்பா நெல் 3 டன். ஐப்பசி வரை வைத்திருந்தால் விலை கிடைக்கும் என்று கணக்கு. அதுவரை வண்டு விழாமல் காப்பாற்ற வேண்டும்.

"அண்ணே, மாத்திரை போட்டுடலாமா, இல்ல காத்து புகாத பை வாங்கலாமா? ஒருத்தர் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வச்சே பண்ணிடலாம்ங்கிறார்."

நான் பதில் சொல்லாமல், குடோன் சுவரை ஒட்டி யாராவது படுக்கிறார்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "வாட்ச்மேன் இருக்கார். குடும்பத்தோட. ஏன் கேக்குறீங்க?"

அரவை மில் குடோன் வேலையில் இருபது வருஷம் ஓட்டியவன் நான். எந்த வாயு நல்லது என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அந்த வாயுவைத் தன்னிடத்தில் எத்தனை நாள் அடைத்து வைக்க முடியும் என்று யோசித்துவிட்டு வருகிறவர் அபூர்வம். என் அனுபவத்தில் இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் முதல் கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும். அன்று அந்தத் தம்பிக்குப் போனில் பாதியும் நேரில் பாதியுமாகச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரிகிற வண்டு

மூட்டையின் மேல் ஊர்கிற வண்டைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது வெளியே வந்துவிட்ட வண்டு. எந்த வாயுவுக்கும் முதலில் சாவது அதுதான். சிக்கல் மணிக்குள்ளே இருப்பதில். அரிசியைத் தின்னும் கூன்வண்டு மணியைக் குடைந்து முட்டையிட்டு, துளையைப் பசைபோட்டு அடைத்துவிடும். அந்துப்பூச்சியின் புழு நெல்லுக்குள்ளேயே வளர்ந்து கூட்டுப்புழுவாகும். நம் வெயிலில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். இன்றைக்குச் சுத்தமாகத் தெரிகிற மூட்டை ஆடியில் ஏன் உளுத்துக் கொட்டுகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

நெல்லும் அரிசியும் இதில் ஒன்றல்ல. உமி முழுசாக மூடிய நெல்லில் கூன்வண்டு சுலபமாக ஏறாது. அங்கே தொல்லை தருவது தானியத் துளைப்பானும் நெல் அந்துப்பூச்சியும். அரிசியாக அரைத்துவிட்டால் கூன்வண்டும் சிவப்பு மாவு வண்டும் சேர்ந்துகொள்ளும். அதனால் மாப்பிள்ளைச் சம்பாவை அரைத்து வைக்காதே, ஆர்டர் வரவர அரை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உளுந்தின் கதை வேறு. பயறு வண்டு வயலிலேயே காய்ந்த நெற்றின் மேல் முட்டையிட்டுவிடும், குடோனில் வந்து ஏறுவதற்குக் காத்திருப்பதில்லை. உளுந்தை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால் கறுப்புத் தோலில் வெள்ளைச் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி ஒட்டியிருக்கும். அதுதான் முட்டை. அந்தத் தம்பி கொண்டுவந்த சாம்பிளில் ஒரு கைப்பிடிக்குள் ஏழு மணியில் இருந்தது. "தூசுன்னு நெனச்சேண்ணே" என்றார். அந்தத் தூசு மூன்று நான்கு வாரத்தில் வட்டமான ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும்.

மாத்திரை

வேளாண்மைத் துறை இதைப் புகைமூட்டம் என்று எழுதும். புகை எங்கேயும் வராது. ஊரில் மாத்திரை போடுவது என்றால்தான் புரியும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துப் பாஸ்பீன் என்ற வாயுவாகிறது. 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் பாஸ்பீனைக் கொடுக்கும். கடைசியில் மிஞ்சுவது சாம்பல் நிறத் தூள். வாயு மணிக்குள்ளும் மூட்டை நடுவிலும் நன்றாகப் பரவும். காய்ந்த விதையின் முளைப்பைக் கெடுக்காது. செலவும் மற்ற எதையும்விடக் குறைவு. உலகத்தில் தானியம் சேமிக்கிற பெரும்பாலான இடங்களில் இதுவே ஓடுவதற்கு இந்த மூன்றும்தான் காரணம்.

மூடுபாய் போட்டுச் செய்யும்போது டன்னுக்கு 3 மாத்திரை, 7 நாள் அடைப்பு என்பது நம் நாட்டில் வழக்கமான கணக்கு. 40 டன் நெல்லுக்கு 120 மாத்திரை, அதாவது 120 கிராம் பாஸ்பீன். மூட்டையாக அடுக்கிய நெல் டன்னுக்குச் சுமார் 2 கன மீட்டர் இடம் பிடிக்கும், ஆக அட்டி 80 கன மீட்டர். ஒரு கன மீட்டரில் 1 கிராம் பாஸ்பீன் இருந்தால் ஏறக்குறைய 720 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 720 பங்கு வாயு. தானியம் அடைக்கிற இடத்தையும், நெல் தனக்குள் உறிஞ்சிக்கொள்கிற வாயுவையும் ஒன்றுக்கொன்று கழித்துவிட்டால், பாய்க்குள் ஆயிரம் பி.பி.எம். வரும் என்று வைத்துக்கொள்ளலாம். மாத்திரை கரைய ஓரிரண்டு நாள் ஆகும், அதையும் இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் விவசாயிகளுக்குச் சொல்லும் அளவு இது: முட்டையும் கூட்டுப்புழுவும் சேர்த்துச் சாக வேண்டுமானால் 300 பி.பி.எம். 7 நாள் நிற்க வேண்டும், அல்லது 200 பி.பி.எம். 10 நாள் நிற்க வேண்டும். வளர்ந்த வண்டு மூச்சு விட்டுத் திரிவது, சீக்கிரம் போய்விடும். முட்டையும் கூட்டுப்புழுவும் அடங்கிக் கிடப்பவை. அவை அடுத்த பருவத்துக்கு வளரும் வரை வாயு காத்திருக்க வேண்டும்.

இப்போது கசிவைச் சேர்த்துப் பாருங்கள். பாய் நன்றாக இருந்து நான்கு நாளைக்கு ஒருமுறை வாயு பாதியாகக் குறைகிறது என்றால், ஆயிரத்தில் தொடங்கியது ஏழாம் நாள் 300-ல் நிற்கும். சரி, தப்பித்தோம். தினம் பாதி கசிந்தால் ஏழாம் நாள் மிச்சம் 8 பி.பி.எம். உடனே நம் ஆட்கள் செய்வது என்ன? மாத்திரையை இரட்டிப்பாக்குவார்கள். இரண்டாயிரத்தில் தொடங்கினாலும் தினம் பாதி போனால் ஏழாம் நாள் 16 பி.பி.எம்.தான். 120 மாத்திரை கூடுதலாகப் போட்டதற்குக் கிடைத்த லாபம் 8 பி.பி.எம். அந்தக் காசில் நாலு மணல் பாம்பு தைத்திருக்கலாம்.

மணல் பாம்பு என்றால் துணியைக் குழாய் மாதிரி தைத்து மணலை நிரப்பியது. பாயின் ஓரம் தரையில் படியும் இடத்தில் சுற்றிவர அடுக்க வேண்டும். ஒரு பாம்பின் வால் மேல் அடுத்ததன் தலை ஏறிக் கிடக்க வேண்டும். மூலையில்தான் எல்லாரும் கோட்டை விடுவார்கள். அங்கே பாய் மடிந்து உள்ளே ஒரு சின்னக் குகை இருக்கும், பாம்பு அதன் மேலாகப் பாலம் மாதிரி போய்விடும். மூலையில் மடிப்பை நீவிவிட்டு இரண்டு வரிசை போட வேண்டும். தரையில் சிமெண்ட் வெடித்திருந்தால் முதல் நாளே பூசிவிட வேண்டும். வாயு மேலே போவதாகத்தான் நினைக்கிறோம், கீழேயும் போகும். களத்தில் நெல்லை மூடுகிற தார்ப்பாயை இதற்கு எடுக்கவே கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள், தையல் வழியே நட்சத்திரம் தெரியும்.

அரைகுறையாகப் போட்டால் காசு மட்டும் வீண் என்றால் பரவாயில்லை. பலவீனமான வண்டு செத்து, தாக்குப்பிடிக்கிற வண்டு பிழைத்து, அதன் பிள்ளைகள் குடோனை நிரப்பும். பன்னாட்டு உணவு வேளாண் அமைப்பு 1972-73-ல் உலகெங்கும் எடுத்த கணக்கெடுப்பிலேயே சோதித்த பூச்சிக் கூட்டங்களில் பத்தில் ஒன்றுக்குப் பாஸ்பீன் எதிர்ப்பு இருந்தது. தமிழ்நாட்டுக் கிடங்குகளில் பிடித்த சிவப்பு மாவு வண்டுகளிலும் எதிர்ப்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்த எதிர்ப்புக்குக் காரணமான மரபணுக்களில் முக்கியமான ஒன்றை குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு 2012-ல் அறிவித்தார்கள். உயிரணு சக்தியைத் தயாரிக்கும் வேலையில் பங்கெடுக்கும் ஒரு நொதியின் மரபணு அது. அதில் ஏற்பட்ட சின்ன மாற்றம் வண்டைக் காப்பாற்றுகிறது. ஒரே குடோனில் வருஷத்துக்கு மூன்று நான்கு முறை, ஓட்டைப் பாய் போட்டு மாத்திரை வைக்கிறவர் தன்னை அறியாமல் வண்டுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார்.

ஆளைக் கொல்லும் வாயு

இதை நான் கடைசியில் வைக்காமல் நடுவில் வைப்பதற்குக் காரணம், கடைசிவரை யாரும் படிப்பதில்லை. பாஸ்பீனுக்கு மாற்று மருந்து இல்லை. எட்டு மணி நேர வேலையில் 0.3 பி.பி.எம். என்பதே நெடுங்காலமாக வைத்திருக்கும் வரம்பு. நாம் பாய்க்குள் வைப்பது ஆயிரம். பூண்டு வாடை, கார்பைடு வாடை என்று சொல்வார்கள். அந்த வாடை வாயுவோடு வரும் அசுத்தத்திலிருந்து வருவது. சுத்தமான பாஸ்பீனுக்கு மணம் கிடையாது. தானியம் அந்த மணத்தை உறிஞ்சிவிட்ட பிறகும் வாயு இருக்கும். ஆகவே வாடை இல்லை என்றால் வாயு இல்லை என்று அர்த்தமில்லை.

சுவர் விரிசல், ஓட்டுக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து, இரண்டு அறைக்கும் பொதுவான மேல்தளம் இவை எல்லாம் வாயுவுக்கு வாசல்தான். நெல் வைத்த அறையில் மாத்திரை போட்டுவிட்டு அடுத்த அறையில் படுத்தவர்கள் இறந்துபோன சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. டெல்டாவில் பாதி குடோன்கள் வீட்டோடு ஒட்டியவை. அதனால்தான் நான் முதல் கேள்வியாக வாட்ச்மேனைக் கேட்டேன்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. அரசு, அரசு நிறுவனங்கள், உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே நிபுணர் மேற்பார்வையில் இந்த மாத்திரையைப் பயன்படுத்தலாம். 3 கிராம் மாத்திரை 10, 20 கொண்ட சின்னக் குழாய்ப் பொதிகளை 2001-லேயே தடை செய்துவிட்டார்கள். கடைக்காரர் துண்டுக் காகிதத்தில் நாலு மாத்திரை மடித்துக் கொடுத்தால், வாங்காமல் திரும்பி வாருங்கள். வீட்டு அரிசி டின்னில் துணி மூட்டையாகக் கட்டி மாத்திரை வைக்கும் பழக்கம் இன்னும் சில ஊரில் இருக்கிறது. சமையலறைக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு தடவை ஆட்களை வைத்து அட்டிக்கு மாத்திரை போட்டோம். ஆட்கள் உரிமம் உள்ளவர்கள்தான். பாய், பாம்பு எல்லாம் ஒழுங்கு. ஆனால் அட்டிக்குப் பக்கத்தில் இருந்த எலக்ட்ரானிக் தராசை நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். பத்து நாள் கழித்து எடை போட்டால் எண் ஆடிக்கொண்டே இருந்தது. மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன சார், போர்டு கரியாப் போயிருக்கு" என்றார். பாஸ்பீன் செம்பை அரிக்கும். ஒயர், மோட்டார் பேனல், கம்ப்யூட்டர், செல்போன் எல்லாம் இதில் சேரும். அன்றைக்குத் தராசு போன விலையைவிட, அந்தச் செம்பைத் தொட்ட வாயு பாய்க்கு வெளியே இருந்திருக்கிறது என்பதுதான் எனக்கு உறைத்தது. அந்த வாரம் முழுக்க நாங்கள் பக்கத்து வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

மிச்சத் தூளையும் லேசாக எண்ணக் கூடாது. அதில் கரையாத மாத்திரை கொஞ்சம் இருக்கும். குவித்து மூடி வைத்தால் தீப்பிடிக்கும். வந்து போட்டவர்களே திறந்த வெளியில் முறைப்படி செயலிழக்கச் செய்து எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று வேலை பேசும்போதே பேசிவிடுங்கள்.

காற்றுப் புகாத பை

இதில் வாயு எதையும் வாங்க வேண்டாம். பூச்சியே தன் மூச்சால் பைக்குள் உள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்க்கிறது. ஆக்சிஜன் ஐந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது புழு தின்பதை நிறுத்துகிறது, வளர்ச்சி நிற்கிறது, பிறகு காய்ந்து சாகிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 1980-களின் கடைசியில் காமரூன் நாட்டில் தட்டைப்பயறு விவசாயிகளோடு சேர்ந்து உருவாக்கிய மூன்றடுக்குப் பை இந்த வகைக்கு முன்னோடி. அங்கே பயறு வண்டுக்காகச் செய்தது. அதனால் நம் உளுந்துக்கு இது சொல்லி வைத்த மாதிரி பொருந்தும்.

நம் ஆட்களுக்கும் இது முழுக்கப் புதிதில்லை. குதிரின் வாயை மண் பூசி அடைத்தார்கள். விதை நெல்லை வைக்கோல் கோட்டையாகக் கட்டி மேலே சாணி மெழுகினார்கள். வேப்பிலை, நொச்சி போடுவதும் உண்டு. வெளியிலிருந்து வருகிற வண்டை அது கொஞ்சம் தடுக்கும், மணிக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது.

பையின் ஒரே நிபந்தனை தானியம் நன்றாகக் காய்ந்திருப்பது. காற்று உள்ளே போகாத பையில் ஈரமும் வெளியே போகாது. நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரை எடுப்பார்கள். அந்த நெல்லை அப்படியே பையில் கட்டினால் பத்தே நாளில் பூஞ்சை மணம் வரும். நெல் 13-க்குள் இருக்க வேண்டும், உளுந்து 9, 10-க்குள். ஈரமானி இல்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு தானியம், நன்றாக வறுத்து ஆறிய பொடியுப்பு ஒரு கரண்டி, மூடி ஒரு நிமிஷம் குலுக்கிக் கொஞ்ச நேரம் வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15-ஐத் தாண்டிவிட்டது. ஒட்டாவிட்டால் உடனே பையில் போடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 13-க்கும் 15-க்கும் நடுவில் இருப்பதை இந்த உப்பு காட்டிக்கொடுக்காது, இன்னும் ஒரு வெயில் காட்டுங்கள். உளுந்தைக் கடித்துப் பார்க்கும் பழைய பரீட்சையும் இருக்கிறது: பல்லில் நசுங்கினால் ஈரம், டக்கென்று உடைந்தால் சரி.

பையின் வாயை முறுக்கி, மடக்கி, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். மூன்றையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிவிட்டு வண்டு சாகவில்லை என்று புகார் சொன்னவர்களை எனக்குத் தெரியும். உள்ளே காற்று தேங்காமல் அமுக்கிவிட்டுக் கட்ட வேண்டும். கொக்கி போட்டுத் தூக்கக் கூடாது. சுமை தூக்குகிற அண்ணன்களிடம் இதை நாலு தடவை சொல்ல வேண்டும், ஐந்தாவது தடவை கொக்கியை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். எலி வந்தால் ஒரே இரவில் கதை முடிந்துவிடும். நெல்லில் வரும் தானியத் துளைப்பான் உள்ளிருந்தே பிளாஸ்டிக்கைத் துளைக்கவும் கூடும். அதனால் நெல்லுக்குப் பை என்றால், புழு ஏறுவதற்கு முன்னால், அறுவடை முடிந்த கையோடு போட்டால்தான் பலன்.

ஆயிரம் மூட்டை நெல்லுக்குப் பை வாங்குவது கட்டுபடியாகாது. நெல்லின் விலை அந்தப் பையைத் தாங்காது, உளுந்தின் விலை தாங்கும். கணக்கு அவ்வளவுதான்.

சிலிண்டர்

கார்பன் டை ஆக்சைடு பாஸ்பீனைப் போல விஷமாக இல்லாமல் வேறு விதமாகக் கொல்கிறது. அந்த வாயு நிறைந்த காற்றில் பூச்சி தன் மூச்சுத் துளைகளைத் திறந்தே வைத்திருக்கும், உடம்பில் உள்ள நீரெல்லாம் போய்ச் சாகும். தொடக்கத்தில் 60 சதவீதத்துக்கு மேல் நிரப்பி, 15 நாள் 35 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் வைக்க வேண்டும். தானியத்தில் எச்சம் தங்காது, இயற்கை விவசாயச் சான்றிதழுக்கும் இடைஞ்சல் இல்லை. இந்தோனேசியாவில் அரசின் புலோக் நிறுவனம் அரிசி மூட்டை அட்டிகளை அடியிலும் மேலும் பிளாஸ்டிக் தாளால் ஒட்டி மூடி, 1980-களிலிருந்தே இப்படிச் சேமித்திருக்கிறது. சீனா இப்போது தன் அரசுக் கிடங்குகளில் இதற்குப் பதிலாக நைட்ரஜனைப் பெரிய அளவில் பயன்படுத்துகிறது.

ஆனால் பாஸ்பீனுக்கு மணல் பாம்பு போதும். இதற்கு அது போதாது. கீழ்த் தாளும் மேல்தாளும் ஒட்டவோ ஜிப் வைத்து மூடவோ வேண்டும், கூடாரம் மாதிரி ஆயத்த உறை வேண்டும். அளவும் வேறு. பாஸ்பீன் டன்னுக்கு 3 கிராம். கார்பன் டை ஆக்சைடு டன்னுக்கு இரண்டு கிலோ அளவில் போகும். 40 டன் நெல்லுக்கு 80 கிலோ, 30 கிலோ சிலிண்டர் மூன்று. வேகமாகத் திறந்தால் வால்வு முனையில் பனிக்கட்டி பிடித்து அடைத்துக்கொள்ளும், நிதானமாக விட வேண்டும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு என்பதால் அடியில் விட்டு, உச்சியில் பழைய காற்று வெளியேற வழி வைக்க வேண்டும். இதுவும் ஆளைக் கொல்லும் என்பதை மறந்துவிடக் கூடாது. தாழ்வான மூடிய அறையில் தேங்கினால் மூச்சு முட்டி மயக்கம் வரும்.

நெல்லுக்கு இது யானைக்குப் பட்டு ஜிப்பா. 3 டன் மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ஒரு சின்ன உறை, அரை சிலிண்டர் வாயு போதும். கிலோவுக்கு நல்ல விலை கிடைக்கும் அரிசியில் அந்தச் செலவு தெரியவே தெரியாது.

மற்றவை

மீத்தைல் புரோமைடு ஒரு காலத்தில் ராஜா. ஒன்றிரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். ஓசோன் படலத்தை அரிப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளர்ந்த நாடுகள் 2005-லும் வளரும் நாடுகள் 2015-லும் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. கப்பலில் ஏற்றும் சரக்கில் பூச்சி பரவாமல் தடுக்கப் போடுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. விதையின் முளைப்பைக் கெடுக்கும் குணமும் அதற்கு உண்டு. ஏற்றுமதி செய்கிறவர் தவிர மற்றவர் இதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

சல்ஃப்யூரில் புளோரைடு, பாஸ்பீனுக்கு அடங்காத வண்டுகளுக்கு ஆஸ்திரேலியாவில் மாற்றாகப் பயன்படுகிறது. முட்டையிடம் அது கொஞ்சம் தோற்றுப்போகும், புவி வெப்பமாவதற்கும் துணைபோகும். பெரிய கிடங்குகளின் சமாச்சாரம்.

வயதானவர்கள் சிலர் கண்ணாடிக் குப்பியை உடைத்து நெல்லில் போட்டதைச் சொல்வார்கள். அது எத்திலீன் டை புரோமைடு, இ.டி.பி. குப்பி. இந்தியாவில் 2001-ல் தடை செய்துவிட்டார்கள். எங்காவது பரணில் மிச்சம் இருந்தால் தொடாமல் வேளாண்மை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பி என்ன செய்தார்

நேரில் போய் குடோனைப் பார்த்தேன். ஓட்டுக் கூரை, சுவரின் மேல்பக்கம் ஒரு சாண் சந்து, அந்தப் பக்கம் வாட்ச்மேன் வீட்டு அடுப்படி. மூன்று வயதுக் குழந்தை ஒன்று எங்கள் டார்ச் லைட்டைப் பிடுங்கப் பார்த்தது. இங்கே பாஸ்பீன் வேண்டாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. "ஒரு வாரம் அவங்கள ஊருக்கு அனுப்பிடலாம்ணே" என்றார் தம்பி. ஒரு வாரம் அனுப்பலாம். ஐப்பசிக்குள் இன்னொரு தடவை போட வேண்டி வந்தால்? காற்றாட விட்ட பிறகு அளந்து பார்க்கக் கருவி இருக்கிறதா? அந்தச் சந்தை அடைக்காமல் வாயு ஏழு நாள் நிற்குமா? மூன்றுக்கும் அவரிடம் பதில் இல்லை.

அப்புறம் நெல்லுக்கு யாரும் சட்டென்று நினைக்காத ஒரு வழியைச் சொன்னேன்: வாடகை. தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனத்தின் கிடங்கில் கொண்டுபோய் வைத்தால் பூச்சிக் கட்டுப்பாடு அவர்கள் வேலை, பயிற்சி பெற்ற ஆள் அங்கே உண்டு, பதிவு பெற்ற கிடங்கு என்றால் மின்னணு ரசீதை வைத்து வங்கியில் கடனும் கேட்கலாம். லாரி வாடகை, ஏற்று இறக்குக் கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு அவர் பாதி நெல்லை உடனே விற்றார், 20 டன்னைக் கிடங்குக்கு அனுப்பினார். எனக்கு முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். விற்ற பாதிக்கு அப்போது விலை மட்டம். ஆனால் அந்தச் சந்து உள்ள குடோனில் வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

உளுந்தை இரண்டு நாள் சித்திரை வெயிலில் பரப்பி, சல்லடையில் சலித்து, மாலையில் சூடு ஆறவிட்டு, 50 கிலோ பைகளில் கட்டினார்கள். 120 பை வாங்கியிருந்தார்கள். சூட்டோடு கட்டினால் இரவில் உள்ளே வேர்க்கும் என்பதால் ஆறவிடச் சொன்னேன். முட்டைப் புள்ளி அதிகம் இருந்த ஒரு டன்னை மட்டும் பையில் போடாமல் உடைத்துப் பருப்பாக்கி முதலில் விற்கச் சொன்னேன். பயறு வண்டுக்கு முழுப்பயறுதான் பிடிக்கும், உடைத்த பருப்பில் அவ்வளவாக ஏறாது. மிச்சமான இருபது பையில் விதை உளுந்தையும் கட்டிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளைச் சம்பா உறைக்குள் போயிற்று. சிலிண்டரைத் திறந்த அன்று நானும் இருந்தேன். உறை மெல்ல உப்பி, உச்சித் துளையில் வைத்திருந்த ஊதுபத்தி அணைந்ததும் தம்பிக்கு ஒரே சந்தோஷம். பழைய காற்று போய்விட்டது என்பதற்கு அது ஒரு குத்துமதிப்பான அடையாளம்தான், அளவு தெரிய மீட்டர் வேண்டும் என்று சொல்லி, வாடகைக்கு எடுத்து வந்திருந்த மீட்டரின் ரப்பர் குழாயைச் சொருகிக் காட்டினேன். 68 சதவீதம். நாலு நாள் கழித்து 57. கீழ் மூலையில் ஒட்டு விட்டிருந்ததைக் கண்டுபிடித்து டேப் ஒட்டினார்கள்.

ஒன்பதாம் நாள் மறுபடி போன்.

"அண்ணே, வண்டு செத்திருக்கான்னு கொஞ்சம் தொறந்து பாக்கவா?"

"குழாய்ல அளந்து பாருங்க. ஜிப்புல கை வைக்காதீங்க."

"கொஞ்சூண்டு..."

"இன்னும் ஆறு நாள் இருக்கு தம்பி."